கட்-ஆஃபில் சேராத பாடம்

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஆத்தூர். வீட்டுக்காரருக்குக் கொடிக்கால் வேலை. மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், தமிழ் மீடியம். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றுக்கும் டியூஷன் போகிறான். இங்கிலீஷ் புத்தகத்தை மட்டும் தொடுவதே கிடையாது. கேட்டால், "அது கட்-ஆஃபில் சேராதும்மா, பாஸ் ஆனால் போதும்" என்கிறான். அவன் போக்கில் விட்டுவிடலாமா?
– ஒரு தாய், ஆத்தூர்

பதில்: மகன் சொல்வதில் பொய் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குத்தான் கட்-ஆஃப் போடுகிறார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு இரண்டு மொழிப் பாடங்களையும் விலக்கிவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மார்க்கைத்தான் பார்க்கிறார்கள். பி.ஏ. ஆங்கிலம் கேட்பவர்களுக்குத்தான் ஆங்கில மார்க் முக்கியம். எனவே, 600-க்கு எழுதும் தேர்வில் ஆங்கிலத்தின் 100 மார்க்குக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. டியூஷன் சென்டர்களின் கால அட்டவணையைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கைக் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு போடுவது வேறு, ஆத்தூரில் இருந்துகொண்டு போடுவது வேறு. ஆத்தூரிலிருந்து பஸ் ஏறினால் தூத்துக்குடி; அங்கே வ.உ.சிதம்பரனார் துறைமுகம். மெர்ச்சன்ட் நேவிக்குப் போகவேண்டும் என்று பையன்கள் பேசிக்கொள்ளும் கரை இது. அந்த வழியில் ஆங்கில மார்க் நேரடியாகக் குறுக்கே நிற்கிறது. கப்பலில் அதிகாரியாகும் டி.என்.எஸ். படிப்புக்கும், பி.டெக். மரைன் இன்ஜினியரிங்குக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் சேர்த்து 60 சதவீதம் கேட்கிறார்கள். அதோடு ஆங்கிலத்தில் தனியாக 50 சதவீதம், பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ எடுத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதியோடு சேரும் ஜி.பி. ரேட்டிங் மாலுமிப் பயிற்சிக்குக்கூட ஆங்கிலத்தில் 40 சதவீதம் வேண்டும். மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் வைத்திருக்கும் விதி இது. கணக்கில் 98 எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் 45-ல் நிற்பவருக்கு, பத்தாம் வகுப்பு மார்க் கைகொடுக்காவிட்டால், அந்தக் கதவு திறக்காது.

ஆகவே அந்தத் தாய் இன்றே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்து ஆங்கிலத்துக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். 50-ஓ அதற்கு மேலோ இருந்தால் இந்தத் தடை மட்டும் தாண்டியாயிற்று. கீழே இருந்தால் பிளஸ் டூதான் மிச்சமிருக்கும் ஒரே வாய்ப்பு. கப்பல் படிப்புகளுக்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆங்கில மொழிக் கேள்விகளும் அதில் வருகின்றன.

கப்பலில் பேசுகிற ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் மகனுக்குப் பாதி பயம் போய்விடும். ஒரே கப்பலில் இந்தியர், பிலிப்பினோ, உக்ரைன்காரர், சீனர் என்று வேலை பார்ப்பார்கள். யாருக்கும் அது தாய்மொழியாக இருக்காது. பேச்சுக் குழப்பத்தால் விபத்து நேரக்கூடாது என்பதற்காக, கடலில் பேசவேண்டிய வாக்கியங்களையே தொகுத்துச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்டது. சொல்லப்போவது கேள்வியா, கட்டளையா, எச்சரிக்கையா, வேண்டுகோளா என்பதை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வரலாம். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லவேண்டும். 150 என்றால் ஒன், ஃபைவ், ஸீரோ. 'மே', 'மைட்', 'ஷுட்', 'குட்' போல இரண்டு அர்த்தம் தரக்கூடிய துணைவினைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பள்ளியில் அந்த நான்குக்கும் வித்தியாசம் கேட்டு மாணவனை வாட்டுகிறோம், கடலில் அவை வேண்டாத விருந்தாளிகள்!

கப்பல் ஏறாமல் கரையில் நிற்பவர்களுக்கும் இதே கதைதான். துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களிலும் கண்டெய்னர் நிலையங்களிலும் நாள் முழுக்க ஓடுவது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் என்ற காகிதங்கள். அவற்றில் அலங்கார ஆங்கிலத்துக்கு இடமில்லை. எடையும் பெயரும் தேதியும் பிசகாமல் எழுதவும், வந்த இமெயிலுக்கு நான்கு வரியில் பதில் போடவும் தெரிந்தால் போதும். பிழையானால் பெட்டி துறைமுகத்திலேயே நிற்கும், வாடகை ஏறும்.

பொறியியல் போனால் மட்டும் தப்பிக்கலாமா என்றால், அங்கே ஆங்கிலம் மார்க்காக வராது, பாடமொழியாக வரும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கு தெரியாததால் அல்ல. தெரிந்த கணக்கைத் தெரியாத மொழியில் கேட்பதால்தான்.

நேரம் இருக்கிறதா? இருக்கிறது. 2017-18-ல் கொண்டுவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் தமிழ்நாடு அரசு நீக்கிவிட்டது. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு நேரே பிளஸ் டூவை உருப்போட வைக்கும் பழைய பழக்கம் மறுபடி தலைதூக்கலாம். அந்த வலையில் விழாமல், பொதுத்தேர்வு இல்லாத இந்த வருடத்தை மொழிக்கு வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். அடுத்த வருடம் அதற்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். இங்கிலீஷ் பாராகிராஃப் எல்லாவற்றையும் கைடு பார்த்து மனப்பாடம் செய்கிறேன். பரீட்சை ஹாலில் ஒரு வரி மறந்தால் அதற்குப் பிறகு எதுவுமே வருவதில்லை. காலாண்டில் 41. வேறு எப்படிப் படிப்பது?
– ஒரு மாணவர், முக்காணி

பதில்: முதலில் வினாத்தாளை எடுத்து மார்க் எங்கே கிடக்கிறது என்று பார்க்கட்டும். அகமதிப்பீடு 10 போக எழுத்துத் தேர்வு 90. ஒரு மார்க் கேள்விகள் 20; இரண்டு மார்க்கில் ஏழு எழுத வேண்டும், 14 மார்க்; மூன்று மார்க்கில் ஏழு, 21; ஐந்து மார்க்கில் ஏழு, 35. இவர் இரவு பகலாக உருப்போடும் பாராகிராஃப்கள் அந்த ஐந்து மார்க் பகுதியில் உரைநடைக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று, துணைப்பாடத்துக்கு ஒன்று என்றுதான் பெரும்பாலும் வருகின்றன. அதாவது 15 மார்க். குறிப்பெடுத்தல், சுருக்கி எழுதுதல், கடிதம், பிழை திருத்தம், உரையாடல், கொடுத்த பத்தியைப் படித்து விடை எழுதுதல் எல்லாம் மனப்பாடத்துக்குச் சிக்காதவை. ஒரு மார்க் பகுதியிலும் பாடத்தில் வரும் சொற்களுக்குப் பொருளும் எதிர்ச்சொல்லும் போக, மிச்சம் மொழி சார்ந்த கேள்விகள்தான். 15 மார்க்குக்கு முக்கால்வாசி நேரத்தைக் கொட்டிவிட்டு மற்ற 75-ஐ விதியிடம் விடுவதுதான் 41-க்குக் காரணமாக இருக்கவேண்டும்.

அந்த 15 மார்க்குக்கும் கைடு தேவையில்லை. பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் 'தி சேர்' என்று ஒரு பாடம் இருக்கிறது. எழுதியவர் கி.ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர், இதே தூத்துக்குடி மாவட்டம். 1923-ல் பிறந்து 2021-ல் மறைந்தவர். பள்ளிப் படிப்பைப் பெரிதாகத் தொடராதவர். கரிசல் பேச்சையே இலக்கியமாக்கியவர். அவருடைய 'நாற்காலி' கதையின் ஆங்கில வடிவம்தான் அந்தப் பாடம்.

கதை ஒரு கிராமத்து வீட்டில் நடக்கிறது. வீட்டுக்கு வந்த சப்-ஜட்ஜ் முக்காலியில் உட்காரப்போய்க் கவிழ்ந்து விழுகிறார். மானம் போயிற்றே என்று வீட்டார் தங்களுக்கும் மாமன் வீட்டுக்கும் நாற்காலி செய்கிறார்கள். ஊரில் வேறு நாற்காலி கிடையாது என்பதால் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் பிணத்தை உட்கார வைக்க இதைத்தான் இரவல் கேட்கிறார்கள். பிறகு அதில் உட்கார வீட்டில் யாருக்குத் துணிச்சல் வரும்? வீட்டுக்காரர்கள் அந்தத் தொல்லையை நைசாக மாமன் வீட்டு நாற்காலி பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

இந்த மாணவர் முதலில் தமிழ்க் கதையைத் தேடிப் படிக்கட்டும், நூலகத்தில் கிடைக்கும். சிரித்து முடித்த கையோடு ஆங்கிலப் பாடத்தைப் படிக்கட்டும். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் தெரியாத சொற்கள் தாமே இடம் காட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, யார் வந்தார், என்ன ஆனது, ஏன் செய்தார்கள், பிறகு என்ன, முடிவு என்ன என்று எட்டுப் பத்துச் சின்ன வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். இலக்கணப் பிழை இருக்கும், இருக்கட்டும். ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொண்ட அந்தப் பத்தி பரீட்சை ஹாலில் மறக்காது. நடுவில் ஒரு வரி விட்டுப்போனாலும் கதை தெரியும் என்பதால் அடுத்த வரிக்குப் போய்விடலாம். உருப்போட்ட பத்தி மணிமாலை மாதிரி, ஒரு இடத்தில் நூல் அறுந்தால் மொத்தமும் உதிர்ந்துவிடும்.

டால்ஸ்டாய் கதையும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அதற்கும் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. தோரு தத் 1877-ல் 21 வயதில் இறந்துபோன கல்கத்தாப் பெண். அவர் தன் வீட்டுச் சவுக்கு மரத்தைப் பற்றி எழுதிய கவிதையும் அந்தப் புத்தகத்தில் உண்டு. சவுக்குத் தோப்பைப் பார்க்காத பிள்ளை இந்தக் கரையில் உண்டா? ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ஒரு லண்டன் பத்திரிகைக்கு எழுதிய தேநீர்க் கட்டுரையும் பாடமாக இருக்கிறது. நல்ல தேநீர் போடப் பதினொரு விதிகளை அதில் வரிசையாகச் சொல்கிறார், அதுவும் உலகத்தையே எதிர்த்து வாதாடும் வேகத்தில். அதைப் படித்துவிட்டு, உடன்குடிக் கருப்பட்டி போட்டுச் சுக்குக் காபி வைக்க ஆறு விதிகள் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் மாணவர்கள் எழுதுகிறார்களா இல்லையா என்று ஆசிரியர்கள் ஒருமுறை பார்க்கலாம். கட்டளை வாக்கியம், வரிசைச் சொற்கள், அளவுகள் மூன்றும் ஒரே பயிற்சியில் வந்துவிடும்.

பாடத்துக்கு வெளியே படிக்க என்ன கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான விண்ணப்ப விவரம் கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் இதழில் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது, இணையத்தில் இலவசம். கொடிக்கால், தாமிரபரணித் தண்ணீர், இலை கிள்ளுதல் எல்லாம் முக்காணிப் பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவை. அவற்றை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் படித்துக் குறிப்பெடுத்தால், தேர்வில் வரும் குறிப்பெடுத்தல் கேள்விக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

கேள்வி: ஆங்கிலம் படித்தால் புரிகிறது. ஓரளவு எழுதவும் வருகிறது. பேச வாயைத் திறந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தோழிகள் சிரிப்பார்கள். கட்டணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர வேண்டுமா?
– பிளஸ் டூ மாணவி, புன்னைக்காயல்

பதில்: இவர் ஊரிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருந்திருக்கிறார், எதிர்த்திசையில். என்ரிக்கே என்ரிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் 1540-களின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். புன்னைக்காயல் அவருடைய முக்கிய வேலைக்களம். வந்தபோது தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை நம்பித்தான் காரியம் நடந்தது. அதை விட்டுவிட்டு நேரே மக்களிடம் பேசிப் பேசிக் கற்றார். கேட்ட வினைச்சொற்களைத் தனக்குத் தெரிந்த லத்தீன் இலக்கணத்தின் அமைப்பில் வரிசைப்படுத்தி எழுதிவைத்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளிலிருந்து தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய முதல் இலக்கணம் உருவானது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய தமிழாக்கம். தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சேறி இன்று கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது அதுதான். அவர் பேசிய தமிழைக் கேட்டுப் புன்னைக்காயல் சிரிக்காமலா இருந்திருக்கும்?

அவரிடம் இருந்ததும் இந்த மாணவியிடம் இல்லாததும் ஒன்றுதான்: தினமும் பேசியாக வேண்டிய நெருக்கடி. பிளஸ் டூ ஆங்கிலத் தேர்வின் 90 மார்க்கும் எழுதியே வாங்குவது. பேசாமலே நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட முடிகிற ஏற்பாட்டில், பேச்சு வரவில்லை என்பதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. குறை மாணவியுடையது அல்ல.

நெருக்கடியைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சிரிக்காத ஒரே ஒரு தோழியைப் பிடித்து, பள்ளிக்குப் போகும் வழியில் ஆங்கிலம் மட்டும் என்று ஒப்பந்தம் போடலாம். நேற்று நடந்ததைச் சொல்வது ஒரு நாள், நாளை செய்யப்போவது ஒரு நாள், வலைக்குப் போன அப்பா கரை திரும்பிய பிறகு என்னென்ன வேலை நடக்கிறது என்பது ஒரு நாள். வினையின் காலங்கள் மூன்றும் அதிலேயே பழகிவிடும். பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் கைபேசியில் பதிவுசெய்து கேட்பது இரண்டாவது. முதல் தடவை தன் குரலைக் கேட்கவே கூச்சமாக இருக்கும். மூன்றாம் நாள் எந்தச் சொல்லில் தடுக்குகிறது என்பது தானே தெரிந்துவிடும். ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியம் முடித்ததும் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வது இன்னொரு நல்ல பயிற்சி.

கட்டண வகுப்பைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ஒரு மணி நேர வகுப்பில் ஒவ்வொரு மாணவிக்கும் எத்தனை நிமிடம் பேசக் கிடைக்கும்? ஐம்பது பேரை உட்கார வைத்து ஒருவர் இலக்கணம் நடத்தும் இடமென்றால் அது பள்ளிக்கூடத்தின் இன்னொரு பீரியட்தான். 2022 மார்ச்சில் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி உண்டு. பணம் கட்டும் முன் பள்ளியிலும், பிறகு சேரும் கல்லூரியிலும் அதை விசாரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எந்த அகராதி வாங்குவது?
– ஒரு மாணவர், ஆறுமுகநேரி

பதில்: வெறும் பொருள் மட்டும் கொடுக்கும் பாக்கெட் அகராதி வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எளிய ஆங்கில விளக்கமும், தமிழ்ப் பொருளும், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் தரும் ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று போதும். அந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தைத்தான் நோட்டில் எழுத வேண்டும், சொல்லை மட்டும் அல்ல. கைபேசி அகராதி உச்சரிப்பைக் கேட்க நல்லது.

கேள்வி: என் தம்பி பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். காலேஜில் எப்படியும் இங்கிலீஷ் மீடியம்தானே, பிளஸ் ஒன்னிலேயே மாற்றிவிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– ஓர் அக்கா, ஏரல்

பதில்: நுழைவுத் தேர்வுக்காக என்றால் அவசியமில்லை. நீட் தேர்வை 2017-லிருந்தும், ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021-லிருந்தும் தமிழில் எழுத முடிகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் கிடைக்கும் 7.5 சதவீத இடஒதுக்கீடு எந்த மீடியம் என்று பார்ப்பதில்லை. தம்பி படித்தது அரசுப் பள்ளி என்றால் மீடியம் மாறினாலும் அது போகாது; தனியார் பள்ளிக்கு மாறினால்தான் போகும்.

அரசு வேலை விஷயத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பதவிக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை எல்லா வகுப்பும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி மட்டும் கேட்கும் பதவிகளுக்குப் பிளஸ் ஒன்னில் மாறுவதால் பாதிப்பு இல்லை. பட்டப்படிப்பு கேட்கும் பதவிகளுக்குத் தமிழ் வழியில் பட்டம் வாங்கும் எண்ணம் தம்பிக்கு இருந்தால், நடுவில் இரண்டு வருடம் ஆங்கில வழிக்குத் தாவியதே முன்னுரிமையைப் பறித்துவிடும். பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோதான் போகப்போகிறான் என்றால் இந்தக் கவலை குறைவு.

மாறுவது என்று முடிவானாலும் பிளஸ் ஒன் புத்தகம் கைக்கு வந்த நாளில் அதைத் தொடங்கக்கூடாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில், அவன் ஏற்கெனவே படித்து முடித்த பத்தாம் வகுப்பு அறிவியலையும் கணக்கையும் ஆங்கில வழிப் புத்தகத்தில் ஒருமுறை படிக்கச் சொல்லவேண்டும். அரசு இணையதளத்தில் இரண்டு மொழியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் புரிந்தால் மாறலாம். புரியாவிட்டால் தமிழ் வழியிலேயே தொடர்ந்து, பிளஸ் டூ முடித்த விடுமுறையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆங்கில வழிப் புத்தகங்களை இதே முறையில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம். எந்த வழியானாலும், பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழைப் பழைய பள்ளியில் டி.சி. வாங்கும்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.